புலி இருந்த படகும் ஜாகுவார் இருந்த படகும்: இரண்டு நாவல்கள், ஒரே காட்சி

பூங்காச்சாலை வாசகி:

நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள். யான் மார்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலைக் கல்லூரி நாட்களில் ஒரு தோழி கொடுத்தாள். உலகமெங்கும் வாசிக்கப்படும் ஒரு கதை எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில் தொடங்குகிறது என்பதே அன்று எனக்குப் பெரிய பெருமை. 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த அந்தப் பூங்காவில் நான் கண்டவை பழைய மரங்களும் குழந்தைகளின் சிறு ரயிலும்தான். நாவலில் அங்கே ஒரு விலங்குக் காட்சிசாலையே இருக்கிறது. அதை நடத்துபவரின் மகன் பை பட்டேல். விலங்குகளோடு கனடாவுக்குப் புறப்பட்ட கப்பல் 1977 ஜூலையில் மூழ்கிவிட, உயிர்காப்புப் படகில் ஒரு வங்கப் புலியோடு 227 நாட்களைக் கழிக்கிறான். நான்கு முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன்.

சென்ற வாரம் பிரேசில் எழுத்தாளர் மோஆசிர் ஸ்க்லியாரின் 'மேக்ஸ் அண்ட் த கேட்ஸ்' கைக்குக் கிடைத்தது. போர்த்துகீசிய மூலம் 1981-இல் வந்தது, ஆங்கில மொழிபெயர்ப்பு 1990-இல். நூறு பக்க அளவுள்ள சிறிய நாவல். பெர்லினில் தோல், ரோம ஆடை வணிகர் ஒருவரின் மகன் மேக்ஸ். நாஜிகளுக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடுகிறான். அவன் ஏறும் கப்பலில் காட்சிசாலை விலங்குகள் இருக்கின்றன. கப்பல் மூழ்குகிறது. சிறு படகொன்றில் அவன் தப்புகிறான். அதே படகில் அவனுக்கு எதிரே ஒரு ஜாகுவார்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அப்பாவின் கடைக்குப் பெயர் என்ன தெரியுமா? 'வங்கப் புலி'. மார்டெலின் நாவல் 2001-இல் வந்தது, இருபது ஆண்டுகள் கழித்து. நான் நான்கு முறை அழுத காட்சிக்கு உரியவர் வேறொருவரோ என்ற எண்ணம் இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. இரண்டையும் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

கலங்கரை:

இரண்டையும் படித்திருக்கிறேன். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அவசரப்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

ஸ்க்லியாரின் நாவலுக்கு மூன்று பகுதிகள். அலமாரி மேல் இருக்கும் புலி முதல் பகுதி, படகில் இருக்கும் ஜாகுவார் இரண்டாவது, பிரேசிலின் குன்றில் இருக்கும் சிறுத்தையினம் மூன்றாவது. கடல் நடுவில் வந்துபோகிறது, அவ்வளவுதான். மேக்ஸ் கரையேறி போர்ட்டோ அலெக்ரே பக்கம் குடியேறிய பிறகும் அச்சம் அவனைத் துரத்துகிறது. அந்த அச்சத்தின் வரலாறுதான் நாவல்.

மார்டெலுக்குக் கடலே கதை. கழுதைப்புலியும் வரிக்குதிரையும் ஒராங்குட்டானும் ஏறிய அந்தப் படகும், மூன்று மதங்களையும் ஒருசேரப் பற்றிக்கொண்ட பையனும், கடைசியில் ஜப்பானிய அதிகாரிகளிடம் அவன் சொல்லும் விலங்குகளே இல்லாத இரண்டாவது கதையும் ஸ்க்லியாரிடம் எங்கே இருக்கின்றன? எதை நம்புவாய் என்று வாசகரைக் கேட்கும் அந்த இடம்தான் நாவலின் உயிர். அது முழுக்க மார்டெலுடையது. போதாததற்கு, முன்குறிப்பில் ஸ்க்லியாருக்குப் பெயர் சொல்லி நன்றியும் கூறியிருக்கிறார்.

பூங்காச்சாலை வாசகி:

அந்த முன்குறிப்பை எடுத்துப் பார்த்தேன், கலங்கரை ஐயா. கதைக்கு உயிர்ப்பொறி தந்தவர் ஸ்க்லியார் என்று ஒரே வரி. எந்த நூல், எந்தக் காட்சி என்று ஒன்றும் இல்லை. நான்கு முறை படித்தும் அந்தப் பெயர் என் கண்ணில் பட்டதே இல்லை. யாரோ ஆசிரியர், யாரோ நண்பர் என்று கடந்து போயிருக்கிறேன். ஒரு வாசகி அப்படிக் கடந்துபோக முடிகிற இடத்தில் வைக்கப்பட்ட நன்றியை நான் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது?

மொழிபெயர்ப்பு மேசை:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சிறுகதைகளைக் கொண்டுபோகும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறேன். இது எனக்கு வெகு அருகில் உள்ள விஷயம்.

நடந்தது இது. மார்டெலுக்கு 2002 அக்டோபரில் புக்கர் பரிசு கிடைத்தது. நவம்பரில் பிரேசில் பத்திரிகைகளில் இந்த ஒற்றுமை பெரிதாக எழுந்து, அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. அதன் நடுவே மார்டெல் சொல்லியிருந்த ஒரு விளக்கமும் சேர்ந்துகொண்டது. ஸ்க்லியாரின் நாவலைத் தான் படிக்கவில்லை, அமெரிக்க நாளிதழ் ஒன்றில் ஜான் அப்டைக் எழுதிய, அதிகம் பாராட்டாத ஒரு மதிப்புரையை மட்டுமே பல ஆண்டுகளுக்கு முன் படித்ததாக அவர் கூறியிருந்தார். அந்தக் கரு மனத்தில் தங்கிவிட்டதாம். அப்படியொரு மதிப்புரையை எழுதியதே இல்லை என்று அப்டைக் தரப்பிலிருந்து பதில் வந்தது. நினைவு பிசகியிருக்கலாம். பத்தாண்டுக்கு முன் படித்த ஒன்றை வேறொருவர் பெயரில் நினைவு வைத்திருப்பது யாருக்கும் நடக்கக்கூடியது. அதற்காக நான் அவரைக் குற்றவாளியாக்க மாட்டேன்.

என்னைச் சுட்டது வேறு. அந்த நாவலை ஏன் தேடிப் படிக்கவில்லை என்பதற்கு, அருமையான ஒரு கரு தன்னைவிடச் சிறிய எழுத்தாளர் கையில் வீணாகியிருப்பதைக் காண விரும்பவில்லை என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். ஸ்க்லியார் யார்? போர்ட்டோ அலெக்ரேயில் 1937-இல் பிறந்த யூதக் குடியேறிகளின் மகன். பொதுச் சுகாதாரத் துறையில் உழைத்த மருத்துவர். ஏராளமான நாவல்களும் சிறுகதைகளும் எழுதியவர், தன் நாட்டில் பெரிதும் மதிக்கப்பட்டவர். ஒரு வரிகூடப் படிக்காமல் அவரைச் சிறியவர் என்று முடிவுகட்ட எப்படி முடிந்தது? படிக்கப்படாத மொழியில் எழுதியதால்தானே? இந்த இடத்தில் எனக்குத் தமிழின் எத்தனையோ பெயர்கள் மனத்தில் வந்து நிற்கின்றன.

ஸ்க்லியார் முதலில் வழக்குத் தொடர எண்ணினார். மார்டெலோடு பேசிய பின் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். தன் கருத்து இன்னொருவருக்கு அவ்வளவு பிடித்திருந்ததில் பெருமைதான், ஆனால் தன்னைக் கேட்காமல், ஒரு சொல் தெரிவிக்காமல் எடுத்தாண்டது வருத்தம் என்றார். அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்த மனிதரை நான் வணங்குகிறேன்.

சட்டம் பயில்பவள்:

சட்டப்படி பார்த்தால் கலங்கரை ஐயா சொல்வதே நிற்கும். நம் நாட்டின் புகழ்பெற்ற முன்னுதாரணம் 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. ஒரு பஞ்சாபிக் குடும்பத்தையும் ஒரு மதராசிக் குடும்பத்தையும் வைத்து மாகாணப் பற்றைப் பேசும் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை அவர் எழுதியிருந்தார். 1956-இல் வந்த 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் தன் நாடகத்தின் நகல் என்று வழக்குப் போட்டார். கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உரிமை என்றது நீதிமன்றம். இரண்டையும் பார்க்கும் சாதாரண மனிதருக்கு, இது அதன் நகல்தான் என்று ஐயமறத் தோன்றினால் மட்டுமே அது மீறல். ஆனந்த் தோற்றார்.

அந்த அளவுகோலில் வைத்தால் மார்டெல்மீது வழக்கு நிற்பது மிகக் கடினம். படகில் ஒரு மனிதனும் ஒரு காட்டு விலங்கும் என்பது கரு. அதன்மீது யாரும் வேலி போட முடியாது. போட முடிந்தால் அடுத்த தலைமுறை எழுதவே முடியாது.

சட்டத்தை விட்டு விலகி இன்னொன்றும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் புத்தகத்துக்கும் என் பாடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நாவலில் புலியின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். வேட்டைக்காரரின் பெயரும் புலியின் பெயரும் காகிதங்களில் இடம் மாறிவிட்டதாகக் கதை. அந்தப் பெயரை முதல் ஆண்டிலேயே படித்திருக்கிறோம். 1884-இல் 'மின்யொனெட்' என்ற ஆங்கிலேயப் பாய்மரப் படகு தென் அட்லாண்டிக்கில் மூழ்கியது. நான்கு பேர் சிறு படகில் தப்பினார்கள். உணவும் நீரும் தீர்ந்தபோது கேப்டன் டட்லியும் ஸ்டீபன்ஸும் சேர்ந்து, நோயுற்றுக் கிடந்த 17 வயதுப் பையனைக் கொன்றார்கள். அவன் உடலை உண்டு மற்றவர்கள் உயிர் பிழைத்தார்கள். உயிர் காக்கக் கொலை செய்யலாமா என்ற கேள்விக்கு இன்றும் சொல்லித்தரப்படும் வழக்கு அதுதான். இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. கொல்லப்பட்ட பையனின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர்.

கடைசிப் பக்கம்:

தங்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எட்கர் ஆலன் போ 1838-இல் ஒரு கடற்பயண நாவல் வெளியிட்டார், ஆர்தர் கார்டன் பிம் என்பவனின் கதை. உடைந்த கப்பலில் நான்கு பேர் பட்டினி கிடக்கிறார்கள். ஒருவன் உயிரை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று சீட்டுப் போடச் சொல்கிறான் ஒரு மாலுமி. சீட்டு அவனுக்கே விழுகிறது. அவன் பெயரும் ரிச்சர்ட் பார்க்கர். அதே நாவலில் 'புலி' என்ற பெயருடைய ஒரு நாயும் உண்டு.

நாவல் வந்து 46 ஆண்டுகள் கழித்து, அதே பெயருள்ள ஒருவன், அதே விதமாகக் கடலில் மடிந்திருக்கிறான். இங்கே யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. ஒற்றுமை எவ்வளவு திகைக்கவைத்தாலும் அதுவே சான்றாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு எதைக் காட்டுவேன்? மார்டெல் இந்தப் பெயரை அறிந்தே வைத்தார். இரண்டு பார்க்கர்களின் துயரத்தையும் புலிக்குள் அடக்கிவிட்டார். பையின் இரண்டாவது கதையில் வரும் கொலையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயர் ஏன் அங்கே இருக்கிறது என்பது அப்போது விளங்கும். இப்படி எடுத்தாளுவது கலை என்றே நான் சொல்வேன்.

பூங்காச்சாலை வாசகி:

பெயரின் பின்னணி எனக்குத் தெரியாது. உடல் சிலிர்க்கிறது. ஆனால் பாருங்கள், இறந்துபோன போவிடமிருந்து எடுத்தால் மரியாதை என்கிறோம். உயிரோடு இருந்த, தொலைபேசியில் பேசியிருக்கக்கூடிய ஒருவரிடமிருந்து எடுக்கும்போது மட்டும் ஏன் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறோம்?

நெல்லைத் தமிழாசிரியர்:

அம்மா கேட்ட கேள்விக்கு நம் இலக்கண மரபில் ஒரு பதில் இருக்கிறது. வகுப்பில் முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தது, இப்போது பயன்படுகிறது.

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்தார்கள் நம் முன்னோர். தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகையாகச் சொல்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். ஒருவர் சுருக்கமாகச் சொன்னதை இன்னொருவர் விரித்து எழுதுவது அங்கே பெருமைக்குரிய செயல். திருட்டு என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நூலுக்குப் பாயிரம், அதாவது முன்னுரை, வேண்டும், அந்தப் பாயிரத்தில் நூலின் வழி சொல்லப்பட வேண்டும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர் என்று வரிசைப்படுத்தும்போது, ஆசிரியன் பெயருக்கு அடுத்தபடியாகவே வழியை வைத்தது நன்னூல். இந்த நூல் எங்கிருந்து வந்தது என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 'முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்' என்ற வெண்பாவை உங்களில் பலர் மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

1891-இல் வெளியான 'மனோன்மணீயம்' நாடகத்துக்கு மூலம் லிட்டன் பிரபுவின் ஓர் ஆங்கிலக் கதை. சுந்தரம் பிள்ளை அதை மறைக்கவே இல்லை. அதனால் அவர் பெயர் ஓர் அணுவளவும் குறையவில்லை. பாண்டிய நாட்டுக் கதையாகவே அது நமக்குள் வாழ்கிறது. அதன் வாழ்த்துப்பாடலைத் தினமும் பாடுகிறோம்.

என் முடிபு: 'லைஃப் ஆஃப் பை' ஒரு நல்ல விரிவு. அதன் பாயிரம் மட்டும் குறைபட்டது.

கலங்கரை:

ஐயா, வணக்கம். பாயிரம் குறைபட்டது என்ற சொல்லை ஏற்கிறேன். நான் முதலில் எழுதியதில் அந்த இடத்தை வெகு எளிதாகக் கடந்துவிட்டேன்.

கடைசிப் பக்கம்:

இன்னொரு இணையும் நினைவுக்கு வருகிறது. ரஷ்ய எழுத்தாளர் ஜம்யாட்டின் 1920, 21 வாக்கில் எழுதிய 'நாங்கள்' நாவல் சோவியத் நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் 1924-இலேயே வந்துவிட்டது. மனிதர்களுக்குப் பெயருக்குப் பதில் எண். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் 'உபகாரி'. தடைசெய்யப்பட்ட காதல், பழைய வீடு ஒன்றில் ஒளிந்து சந்திப்பு, கடைசியில் காதலன் மனம் அழிக்கப்பட்டு அதிகாரத்திடம் சரணடைவது. ஆர்வெலின் '1984' படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆர்வெல் அதைப் படித்தார். 1946 ஜனவரியில் அதற்கு மதிப்புரையும் எழுதினார். அந்த மதிப்புரையில் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' ஓரளவேனும் இதிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று ஐயமும் தெரிவித்தார். ஹக்ஸ்லி அதை மறுத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து 1949-இல் ஆர்வெலின் சொந்த நாவல் வெளிவந்தது. ஆனாலும் ஒரு வேறுபாட்டை நான் மதிக்கிறேன். யாரும் தேடாத ஒரு ரஷ்ய நாவலை, இதைப் படியுங்கள் என்று தன் வாசகர்களுக்குத் தன் கையாலேயே காட்டிக்கொடுத்தார் ஆர்வெல். தான் கடன்பட்ட இடத்துக்கு வாசகர் போக வழி திறந்திருந்தது.

வீணைத் தந்தி:

2012-இல் வந்த திரைப்படத்தையும் சேர்த்துப் பேசலாமா? படத்தின் தொடக்கத்தில் வரும் தமிழ்த் தாலாட்டை எழுதிப் பாடியவர் பாம்பே ஜெயஸ்ரீ. அது ஆஸ்கர் பரிந்துரை பெற்றபோது, இரயிம்மன் தம்பியின் 'ஓமனத்திங்கள் கிடாவோ' என்ற மலையாளத் தாலாட்டின் மொழிபெயர்ப்பே அதன் முதல் வரிகள் என்று கேரளத்தில் தம்பியின் பெயரில் இயங்கும் அறக்கட்டளை குற்றம் சாட்டியது. ஜெயஸ்ரீ அதை மறுத்தார்.

நான் இரண்டையும் பாடிப் பார்த்தவள். மயிலா, குயிலா, நிலவொளியா என்று குழந்தையைக் கேட்டுக்கொண்டே போவது இரண்டிலும் இருக்கிறது. ஆனால் என் பாட்டி எனக்குப் பாடிய தாலாட்டிலும் மயிலும் குயிலும் நிலவும் இருந்தன. அவர் எந்த மலையாளப் பாட்டும் கேட்டவர் அல்லர். கண்ணே, பொன்னே, மணியே என்று தொட்டிலருகே சொல்லும் சொற்கள் அனைத்தும் பொதுச் சொத்து. அங்கே யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்க்லியாரின் படகு அப்படிப் பொதுவானதா என்பதை நாவல் படித்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பு மேசை:

பொதுவானது அன்று. மயிலும் நிலவும் எந்தத் தாய்க்கும் தோன்றும். மூழ்கும் கப்பலிலிருந்து காட்சிசாலையின் பெரும்பூனையோடு ஒரே படகில் தப்பும் இளைஞன் எல்லோருக்கும் தோன்றக்கூடியவன் அல்லன். மார்டெலே அதை ஒப்புக்கொண்டார்.

ஆனால் இரண்டையும் நேற்றிரவு மறுபடியும் அடுத்தடுத்துப் படித்தபோது என் கோபம் வேறு பக்கம் திரும்பியது. ஸ்க்லியார் அந்த நாவலை எழுதியபோது பிரேசிலில் 1964-இல் தொடங்கிய இராணுவ ஆட்சி முடியவில்லை. அது 1985 வரை நீடித்தது. அவருடைய ஜாகுவார் நியாயம் கேட்காத அதிகாரம். அவரே அப்படித்தான் விளக்கினார். அதனோடு பேச முடியாது, அதைப் பழக்க முடியாது, அது என்ன நினைக்கிறது என்று தெரியாது. எதிரே உட்கார்ந்து மூச்சை அடக்கி நாளைக் கழிக்க வேண்டும். கரையேறிய பிறகும் அந்தப் பார்வை முதுகில் இருந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் கடல் முடிந்தும் நாவல் முடிவதில்லை.

பை அந்தப் புலியைப் பழக்குகிறான். ஊதலும் உணவும் கொண்டு எல்லை வகுக்கிறான். ரிச்சர்ட் பார்க்கர் இல்லாவிட்டால் தான் துயரத்தில் செத்திருப்பேன் என்கிறான். அந்த அச்சம்தான் அவனை உயிரோடு வைத்தது. மெக்சிகோக் கரையில் புலி திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் போகும்போது அவன் அழுவது அதனால்தான். ஒரே படகு. ஒருவருக்கு அந்த விலங்கு தப்பிக்க வேண்டிய ஒன்று, இன்னொருவருக்கு அந்த விலங்கால்தான் தப்பிக்க முடிந்தது. ஸ்க்லியாரைப் படித்துவிட்டு எழுதியிருந்தால் மார்டெல் இதை இன்னும் கூர்மையாகச் செய்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். படிக்காமல் விட்டதில் அவருக்கும் இழப்புதான்.

பூங்காச்சாலை வாசகி:

இதைப் படித்தபின் இரண்டாவது பகுதியை மட்டும் இன்று மாலை மறுபடி படித்தேன். முதல் வாசிப்பில் ஒவ்வொரு வரியிலும் பையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். மேக்ஸைப் பார்க்கவே இல்லை. பாவம், அந்தப் பையன் என் கண்ணெதிரே தனியாக உட்கார்ந்திருந்தான். ஸ்க்லியார் 2011 பிப்ரவரியில் மறைந்தார், படம் வருவதற்கு முந்தைய ஆண்டு. எங்கள் ஊர்த் தெருக்களில் படப்பிடிப்பு நடந்தபோது வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. அவர் பெயரைச் சொல்லி ஒருவரும் பேசவில்லை, நான் உட்பட.

இது தமிழில் வர வேண்டும், ஐயா. உங்களால் முடியுமா?

மொழிபெயர்ப்பு மேசை:

போர்த்துகீசியம் அறிந்த ஒருவர் நேரடியாகச் செய்வதே முறை. உரிமையும் கேட்டுப் பெற வேண்டும், அதிலும் இந்த நூலுக்கு. அதுவரை என் பயிற்சிக்காக ஆங்கிலத்திலிருந்து இரண்டாம் பகுதியின் முதல் பக்கத்தைத் தமிழாக்கிப் பார்த்தேன். தலைப்பிலேயே நின்றுவிட்டேன். ஜாகுவாரைச் சிறுத்தை என்றால் நம் ஊர் விலங்காகிவிடும், அது தவறு. அதை அப்படியே விட்டுவிடலாம். கப்பலோடு கட்டிய அந்தச் சிறு படகுக்குத்தான் சொல் வேண்டும். ஓடம் ஆற்றுக்குரியது. படகு என்றால் பெரிதாகவும் இருக்கலாம். ஒரு மனிதனும் ஒரு விலங்கும் உட்கார்ந்தால் நடுவே இடமே மிஞ்சாத அளவு என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிய வேண்டும்.

பூங்காச்சாலை வாசகி:

தோணி?